இரண்டு விடுமுறைகள், இரண்டு வாக்கெடுப்புகள்

கறுப்பின மக்களின் வரலாற்றைப் போற்ற அமெரிக்க நாடாளுமன்றம் இரண்டு தேசிய விடுமுறைகளை ஏற்படுத்தியிருக்கிறது. 1983-இல் மார்ட்டின் லூதர் கிங் நாள். 2021-இல் ஜூன்டீன்த், டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட 1865 ஜூன் 19-இன் நினைவு நாள். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று தேடுகிறவருக்கு முதலாவது அள்ளித் தருகிறது. இரண்டாவது பாதிக் கதவை மூடிவிடுகிறது.

கிங் கொல்லப்பட்ட நான்காம் நாளே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் விடுமுறைக்கான மசோதா கொண்டுவந்தார். 1979-இல் பிரதிநிதிகள் சபையில் 252 பேர் ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்குகள் குறைந்ததால் அது தோற்றது. 1983-இல் அதே சபையில் 338-90, செனட்டில் 78-22 என நிறைவேறியது. அத்தனை பேரும் பெயரோடு பதிவானார்கள்.

அந்தப் பட்டியலில் நால்வரைப் பார்க்கலாம். செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ் கடைசிவரை எதிர்த்தார். கிங்கைக் கம்யூனிஸ்டுகளோடு முடிச்சுப்போட்டு அவர் அவையில் கொடுத்த ஆவணக் கட்டைத் தரையில் வீசியெறிந்தார் செனட்டர் மொய்னிஹன். முன்பு எதிர்த்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜாக் கெம்ப், மனம் மாறியதை அவையிலேயே சொல்லி ஆதரித்தார். அப்போது அதே சபையில் இருந்த ஜான் மெக்கெய்ன் எதிர்த்து வாக்களித்தார். 2008-இல் அதிபர் வேட்பாளராக மெம்பிஸுக்குச் சென்று, கிங் சுடப்பட்ட இடத்தில் நின்று அது தவறு என்று ஒப்புக்கொண்டார். என் கணக்கில் கெம்ப் ஒரு படி மேல். வாக்கு தேவைப்பட்ட நேரத்தில் மாறினார் அவர். மெக்கெய்னின் வருத்தம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

நான்காமவர் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட். 1957-இல் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க 24 மணி நேரத்துக்கு மேல் தனியாளாகப் பேசியவர், 1983-இல் கிங் விடுமுறைக்கு ஆதரவாக வாக்களித்தார். இந்த ஒரு வாக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் மெக்கெய்னைவிடத் தர்மண்ட் நல்லவராகிவிடுவார். கறுப்பின மக்களின் உரிமைக்கு யார் துணை நின்றார்கள் என்று அறிய நினைவு நாள் வாக்கு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஜூன்டீன்தில் பிரதிநிதிகள் சபையின் கணக்கு 415-14. எதிர்த்தவர்களில் ஒருவரான சிப் ராய், நாளின் பெயரில் ‘சுதந்திர தினம்’ என்று இருப்பதை ஆட்சேபித்தார். செனட்டிலோ எண்ணிக்கையே கிடையாது. யாரும் ஆட்சேபிக்காததால் ஒருமனதாக நிறைவேறியது. முந்தைய ஆண்டு செலவைக் காட்டித் தடுத்த செனட்டர் ரான் ஜான்சன் இம்முறை ஒதுங்கிக்கொண்டார். அவரது தடை பேச்சுக் குறிப்பில் இருக்கிறது. வாக்காக எதுவும் இல்லை. நூறு பேரில் மனதார ஆதரித்தவர் யார், வாய்மூடி இருந்தவர் யார் என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வாக்காளருக்கு இது இழப்புதான்.

அதே செனட், அதே 2021. நவம்பரில், குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸ் பெயரிலான வாக்குரிமை மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தவை 50. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவரே. ஜூன் மாத விடுமுறையை ஆட்சேபிக்காத அவரது கட்சியின் மற்ற செனட்டர்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள், நவம்பர் 3-ஆம் தேதியின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். அது முழுமையாக இருக்கிறது.