முதல் மீன் தொட்டி: குடுவையா, இரண்டடியா? எந்தத் தண்ணீருக்கு எந்த மீன்?

முதல்முறை மீன் வளர்க்கப் போகிற வீடுகளில் பெரும்பாலும் மீனை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்புறம் தொட்டி. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் ஊர் நிலைமைக்கு இந்த வரிசை தலைகீழானது. வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர், எத்தனை லிட்டர் தொட்டிக்கு இடம் இருக்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்கோ பக்கத்துக் கடைக்கோ கிளம்பினால் போதும்.

குடுவை, ஒன்றரை அடி, இரண்டடி

மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் குடுவை 5 முதல் 8 லிட்டர் பிடிக்கும். 24×12×12 அங்குலத் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். அடியில் பரப்பும் கல், மேல் இடைவெளி எல்லாம் போக 45 முதல் 48 லிட்டர் தண்ணீர் நிற்கும். குழந்தைகள் தீவனத்தை அள்ளிப் போட்டுவிடும் வீட்டில் இந்த வித்தியாசம்தான் மீனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் மிச்சமாகி அழுகினால் சுமார் 70 மில்லிகிராம் நைட்ரஜன் தண்ணீரில் கலக்கிறது. முதலில் அது அம்மோனியாவாக வரும். 6 லிட்டர் குடுவையில் இது லிட்டருக்கு 12 மில்லிகிராம்; மீன் தாங்காது. இரண்டடித் தொட்டியில் அதே ஒரு கிராம் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். அதுவும் ஆபத்துதான், ஆனால் மறுநாள் காலையில் தண்ணீர் மாற்றிச் சமாளிக்க அவகாசம் கிடைக்கும். குடுவையில் அந்த அவகாசம் இல்லை. கழுத்துவரை நிரப்பிய குடுவையில் நீர்ப்பரப்பும் சுருங்குவதால் காற்று கலப்பதும் குறைகிறது. குடுவை பராமரிக்க எளிது என்று சொல்லி விற்பதைக் கேட்டு ஏமாற வேண்டாம். எல்லாத் தொட்டிகளிலும் அதிக உழைப்பு கேட்பது அதுதான்.

இடம் உண்மையிலேயே இல்லையென்றால் ஒன்றரை அடி (18×12×12) போதும், 42 லிட்டர் கொள்ளும். ஓரடிச் சதுரத் தொட்டி ஒரே ஒரு ஃபைட்டர் மீனுக்கு மட்டும். மூடியோடும் விளக்கோடும் சேர்ந்து வரும் வளைவான ரெடிமேட் தொட்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டாரோ விளக்கோ போனால் அதே அளவில் மாற்று கிடைப்பது சிரமம், மூடிய மேல்பகுதி கோடையில் சூட்டையும் பிடித்து வைக்கும். சாதாரணச் செவ்வகக் கண்ணாடித் தொட்டியும் தனி விளக்கும் நல்லது.

நிரம்பிய இரண்டடித் தொட்டி, கல்லோடு சேர்த்து, 70 கிலோவைத் தாண்டும். பிளைவுட் டிவி ஸ்டாண்டு தாங்காது. வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டு அல்லது கடப்பா மேடை வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடியில் அரை அங்குல தெர்மாகோல் விரித்துப் பிறகு தொட்டியை வையுங்கள். ஒரு மூலை மட்டும் எடை தாங்கினால் சில மாதங்களில் கண்ணாடி விரிசல் விடும். நேரடி வெயில் படும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும்.

ஃபில்டர்: பவர் கட் வரும் வீட்டுக்கு எது?

கடைகளில் நான்கு வகை வைத்திருப்பார்கள். தொட்டிக்குள் மூழ்கும் பவர் ஃபில்டர், பின்பக்கம் தொங்கும் ஹேங்கிங் ஃபில்டர், கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு ஃபில்டர், ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிய வேண்டுமென்றால் ஹேங்கிங்தான் முதலிடம். தூசியைப் பிடிக்கும், கழற்றிக் கழுவவும் எளிது. ஆனால் குட்டி மீன்களை உறிஞ்சிவிடும்; உறிஞ்சு குழாய் முனையில் சிறு ஸ்பாஞ்ச் செருக வேண்டும். மூழ்கும் பவர் ஃபில்டரின் நீரோட்ட வேகம் ஃபைட்டருக்கும் நீண்ட வால் கப்பிக்கும் களைப்பைத் தரும். தட்டு ஃபில்டரை இனி யாரும் வாங்க வேண்டியதில்லை. கழிவெல்லாம் கல்லுக்கடியில் சேரும், எடுக்க வேண்டுமானால் தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டும்.

முதல் தொட்டிக்கு எங்கள் தேர்வு ஸ்பாஞ்ச். அழுக்கைப் பிடிப்பதில் அது சுமார்தான். ஏர் பம்ப் சத்தமும் இருக்கும். ஆனால் ஃபில்டரின் முக்கிய வேலை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது. அதற்கு ஸ்பாஞ்ச் போதும். ஏர் பம்ப் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்பதால் சிறு இன்வெர்ட்டரோ பேட்டரி பம்ப்போ கரண்ட் போன நேரத்திலும் அதை ஓட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இதன் அருமை தெரியும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் தண்ணீரில் 32 டிகிரியில் 7.3 தான் கரையும், சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. அந்த நேரத்தில் குமிழி நின்றால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் வைக்க முடியும் என்றால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்வாங்கிப் பம்ப்புக்குள் இறங்கும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தாலே போதும்.

தண்ணீர்: குழாய், போர், ஆர்ஓ கேன்

மீன் சாவுகளில் பாதிக்கு மேல் காரணம் இங்கே இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு, அதனால் இதை அவசரமாகத் தாண்ட வேண்டாம்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால், அதிலும் ஏர் பம்ப் குமிழி விட்டால், அது வெளியேறிவிடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் படிகம், கடைக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது, 50 லிட்டருக்கு ஒரு கிராம் போதும். குளோரின் தவிர இந்தத் தண்ணீரில் பெரிய சிக்கல் கிடையாது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கடினத்தன்மையும் பிஎச்சும் (அமில-கார அளவு; 7 நடுநிலை) அதிகம். சென்னையின் பல பகுதிகளில் வாளி விளிம்பில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்தாலே தெரியும். மாலி, கப்பி, பிளாட்டி மூன்றும் இந்தக் கடினத் தண்ணீரை விரும்புகிறவை. ஆனால் அம்மோனியா விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 28 டிகிரி சூட்டில், பிஎச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் ஆறு சதவீதத்தைத் தாண்டும். அம்மோனியா அளக்கும் டெஸ்ட் கிட் ஒரே நிறம் காட்டினாலும், போர் தண்ணீர்த் தொட்டியில் ஆபத்து சுமார் ஒன்பது மடங்கு.

அடுத்து ஆர்ஓ கேன் தண்ணீர். குடிக்க நல்லது, அதனால் மீனுக்கும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஆர்ஓ இயந்திரம் உப்புகளோடு தண்ணீரின் காரத்தன்மையையும் எடுத்துவிடுகிறது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது காரத்தன்மை செலவாகும். இருப்பு இல்லாத தண்ணீரில் பிஎச் சரசரவென்று 6-க்குக் கீழே இறங்கும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்தும். முழுக்க ஆர்ஓ ஊற்றிய தொட்டியில் மூன்றாவது, நான்காவது வாரம் காரணம் தெரியாமல் மீன்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1000-ஐத் தாண்டினால் ஆர்ஓவை அதோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். அதற்குக் கீழே என்றால் கலக்கவே தேவையில்லை. எந்தக் கலவையானாலும் ஒவ்வொரு வாரமும் அதே விகிதம் இருக்க வேண்டும்.

தொடங்கும் முறை: மீனோடா, மீன் இல்லாமலா?

தொட்டி நிரப்பிய அன்றே மீன் விடுவது நம் ஊரில் வழக்கம். அதில் முதல் மாதம் முழுவதும் மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது. இதற்கு மாற்று, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு, பாக்டீரியா வளரும்வரை காத்திருப்பது. நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட். தீவனம் தொடர்ந்து போட்டுவரும்போதே இரண்டும் பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார்.

குழந்தைகளை ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்க்க வைக்க முடியாது என்பது நியாயமான கவலை. அதற்கு நல்ல வழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து பொருத்துவது. காத்திருப்பு வெகுவாகக் குறையும். அதுவும் கிடைக்காவிட்டால் மூன்று கப்பியோடு தொடங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்து, அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தொட்டால் உடனே கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். நைட்ரைட் ஏறும் வாரத்தில் லிட்டருக்கு அரை கிராம் கல் உப்பு கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் கலப்பதைத் தடுக்கும். சோதனைக் கிட் வாங்க மனமில்லாதவர்கள் மீனோடு தொடங்கும் முறையைத் தொட வேண்டாம்.

மீன்

கடின போர் தண்ணீருக்குக் கப்பி. இரண்டடியில் எட்டு ஆண் கப்பிகள் தாராளமாக வாழும். ஆணுக்கு வண்ண வால், வயிற்றடித் துடுப்பு ஊசிபோல இருக்கும். பெண் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை சேர்ந்த பெண் ஆணே இல்லாமல் பல மாதம், ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருதரம் குட்டி போடும். மாலி இன்னும் உறுதியானது, ஆனால் எட்டுப் பத்து சென்டிமீட்டர் வளரும், நான்கு போதும்.

நியான் டெட்ரா மென்மையான, குளிர்ந்த தண்ணீர் கேட்கும் மீன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் போட்டு வைக்கலாம், சென்னை மே மாதத்துக்கு வேண்டாம். ஃபைட்டர் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் என்பதால் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்கிறார்கள். ஆனால் அம்மோனியா அதையும் எரிக்கும், அதனால் குறைந்தது 15 லிட்டரும் மெதுவான ஃபில்டரும் வேண்டும். அதைக் கப்பியோடு விட்டால் வாலைக் கிழித்துவிடும்.

பாசி தின்னும் என்று சொல்லி ஒரு சக்கர் மீனையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மூன்று விரல் நீளத்தில் வாங்குவது ஓரடியைத் தாண்டும், தொட்டியின் கழிவில் பெரும்பங்கு அதனுடையதாகிவிடும். பெரிதானதும் ஏரியில் விடுவது பெருந்தவறு. அப்படி விடப்பட்ட சக்கர்கள் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. பாசிக்கு விளக்கை ஆறேழு மணி நேரத்தோடு அணைப்பதும் உயிருள்ள செடி வைப்பதும் போதும். பிளாஸ்டிக் செடி அம்மோனியாவை உறிஞ்சாது. ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடி உறிஞ்சும், மிதக்கவிட்டாலே வளரும்.

வாரம் ஒரு வாளி, சுமார் 12 லிட்டர், சோப்புப் படாத வாளியில் மாற்றுங்கள். தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, பொறுப்பு வீட்டில் ஒரே ஆளிடம். கொசு மருந்து ஸ்ப்ரே அடிக்கும்போது தொட்டியை மூடி ஏர் பம்ப்பையும் நிறுத்தி, அறை காற்றோட்டமான பிறகே திரும்ப ஓட்டுங்கள். அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம், பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் தள்ளும்.

கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால், இரண்டடித் தொட்டியில் சமரசம் செய்யாதீர்கள். ஒராண்டா, ரியுகின் போன்ற குண்டு ரகங்கள்கூட 15 சென்டிமீட்டரைத் தாண்டும், கப்பியைவிடப் பல மடங்கு கழிவு போடும், நம் கோடைச் சூடும் அவற்றுக்கு ஒத்துவராது. 36×15×15 அங்குலத் தொட்டி, 130 லிட்டர். ஹேங்கிங்கும் ஸ்பாஞ்சும் சேர்த்து இரண்டு ஃபில்டர். மே மாதத்தில் நீர்ப்பரப்பின்மேல் வீசும் ஒரு சிறு ஃபேன். வாரம் மூன்று வாளித் தண்ணீர். இவ்வளவும் செய்ய முடிந்தால் இரண்டு கோல்டு ஃபிஷ் வாங்கலாம், மூன்றாவது வேண்டாம்.