தெய்சேயா, அயோனாவா?

வெளிநாட்டில் தன்னார்வத் தொண்டு செய்ய விரும்பும் பாளையங்கோட்டை இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரான்சின் தெய்சே. 1940இல் சகோதரர் ரோஜர் அங்கே குடியேறி உருவாக்கிய துறவியர் சமூகம் அது. சமையல், துப்புரவு எல்லாம் இளைஞர்கள் கையில். நாளுக்கு மூன்று முறை ஜெபம். தரையில் உட்கார்ந்துதான் ஜெபிப்பார்கள், அது நமக்குப் புதிதல்ல. ஆனால் தினசரி ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது. ஓரிரு வரிப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடிவிட்டு, நெடுநேரம் மௌனமாக இருப்பார்கள். நம் ஊர் ஊசிக்கோபுர ஆலயத்தில் ஞானப்பாட்டுகளை உரக்கப் பாடி, நீண்ட பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களை அந்த மௌனம் திகைக்க வைக்கும். பொறுத்திருங்கள், பிடித்துப்போகும்.

ஸ்காட்லாந்தின் அயோனா, 563இல் அயர்லாந்துத் துறவி புனித கொலும்பா வந்திறங்கிய தீவு. அயோனா சமூகம் என்ற இன்றைய கிறிஸ்தவ அமைப்பை 1938இல் ஸ்காட்லாந்துப் போதகர் ஜார்ஜ் மக்லியோட் தொடங்கினார். வழிபாடு ஆங்கிலத்தில், நீதியும் சமாதானமும் ஜெபத்திலேயே கலந்திருக்கும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள், சமூகப் பணியில் ஆர்வம் உள்ளவர்கள் இங்கே போகலாம். கடற்காற்றின் குளிரைத் தாங்க வேண்டும்.

முதல் பயணம் என்றால் தெய்சேதான். பல மொழிகளில் பாடுவதால் எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் ஆணும் பெண்ணும் கலந்தே அமர்வார்கள். காலணியோடு ஆலயத்துக்குள் வருவார்கள். அங்கே அது அவமரியாதை அல்ல, முகம் சுளித்துவிடாதீர்கள்.