பழைய ஆம்னி வாங்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் செகண்ட் ஹேண்ட் மாருதி ஆம்னி வேன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2019-லேயே மாருதி இந்த வண்டியை நிறுத்திவிட்டதால் இப்போது கிடைப்பதெல்லாம் கை மாறி வந்தவைதான். கருவாட்டு மூட்டை ஏற்ற ஒன்றை வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. "நம்ம ஊரு வெயிலுக்கு ரேடியேட்டர் ஃபேனை டைரக்டா விட்டிருக்கேன் தம்பி" என்று பெருமையாகக் காட்டினார். சூட்டைப் பார்த்துத் தானாக ஓட வேண்டிய ஃபேனை அந்த சுவிட்சில் ஓடவிட்டிருந்தார்.

பாம்பன் பாலத்தில் டூரிஸ்ட் வண்டிகளை ஓரங்கட்டிக் கடல் பார்க்கும் நெரிசல் தெரியும்தானே. அதில் மாட்டி நின்றபோது சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. ஆம்னியில் எஞ்சின் நமக்குக் கீழேதான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள் பாதியிலேயே சமர்த்தாக நின்றது.

பட்டறையில் பிரித்தபோதுதான் கதை வெளியே வந்தது. முள்ளுக்குப் போகும் சென்சார் ஒயரை வெட்டி ஒரு ரெசிஸ்டர் வைத்து பாடியில் எர்த் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் வெந்தாலும் முள் பாதியில்தான் நிற்கும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டை அனபாண்ட் பசை தடவி மூடியிருந்தார்கள். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து, 80 டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டிய வால்வு அது. இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மைலேஜ் ஏன் வரவில்லை என்று அதுவரை நான் பெட்ரோல் பங்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் ரேடியேட்டர். மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் குழம்பு. ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய அவசர வைத்தியம். அடுத்த ஊர் பட்டறை வரை தாங்கும், அவ்வளவுதான். இங்கே அதையே நிரந்தரமாக விட்டிருக்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொட்டுக்கூட இல்லை, உப்பான போர்வெல் தண்ணீர். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் ரேடியேட்டருக்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? அந்த உப்பு, எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் தண்ணீர் போகும் துளைகளைச் சுற்றி அரித்து, ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டது. உப்பால் ரேடியேட்டர் ஒழுகியது, மஞ்சளால் அடைத்தது, அடைப்பால் வந்த சூட்டுக்கு வால்வைக் கழற்றினார்கள், அதுவும் போதாமல் ஃபேன் டைரக்ட், கடைசியில் முள்ளுக்கு ரெசிஸ்டர். ஒரே ஒரு ரேடியேட்டர் வேலைக்குச் சோம்பல்பட்டு இத்தனை.

ஹெட்டுக்கு வெல்டிங் வைத்து, லேத்தில் ஃபேஸ் அடித்து, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச் எல்லாம் கம்பெனி மாதிரியே போட்டாயிற்று. செலவைச் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள்.

அப்புறம் எல்பிஜி கேஸ் விவகாரம். ஏர் ஃபில்டர் ஹோஸில் கேஸ் குழாய் விட்ட ஒரு துளை, எம்-சீல் வைத்து அடைத்தது. பின்னால் சிலிண்டர் கட்டிய பட்டை. வீட்டு சிலிண்டரில் ஓட்டியிருக்கிறார்கள். ஆர்சி புக்கில் பெட்ரோல் மட்டும்தான். ஆர்டிஓவில் பதியாமல் எரிபொருளை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பிடிப்பதும் இதைத்தான். டேஷ்போர்டில் செக் எஞ்சின் பல்பையே கழற்றி வைத்திருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது, அது எரிந்து இதைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். "இப்பத்தான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சாவி போட்டதும் செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முள் அடியிலிருந்து மெதுவாக ஏற வேண்டும். நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால் ஃபேன் தானாகப் போட்டுத் தானாக நிற்க வேண்டும். மூடியை ஆறிய எஞ்சினில் மட்டும் திறங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

விற்றவருக்கு போன் செய்தேன். "என்கிட்டேருந்து போறப்ப ஓடிக்கிட்டுத்தானே தம்பி போச்சு" என்றார். அவர் வாசலில் இப்போது இன்னொரு வெள்ளை ஆம்னி விற்பனைக்கு நிற்கிறது.