பழைய ஜீப்பின் பின்விளக்கு: எர்த்தா, வாட்டா, எல்இடியா?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் குமுளி ஏற்றத்திலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளின் பின்விளக்கு, பனிமூட்டம் இறங்கிவிட்டால் பின்னால் வரும் பஸ் டிரைவர் கண்ணில் படுவதே கஷ்டம். இதைச் சரிசெய்ய நாலு வழி உண்டு: இருக்கிற பல்பையே முழுசாக எரியவிடுவது, வாட் கூடிய பல்பு, எல்இடி பல்பு, விளக்கையே மாற்றுவது. முதல் வழியைப் பட்டறையில் யாரும் சிபாரிசு செய்வதில்லை, அதில் விற்கப் பொருள் இல்லை. ஆனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இழை பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழும். 21/5 வாட் பல்பில் (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5 வாட் என இரண்டு இழை) டெயில் இழை 13.5 வோல்ட்டில் தருவதே 35 லூமென்; இதில் குறைய இடமே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரின் உலோக உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வையுங்கள் (வயர் எட்டாது, நீட்டிக்கொள்ள வேண்டும்). 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு, அதாவது கரண்ட் பல்பிலிருந்து வண்டி உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதையில் தடை. பல்பைக் கழற்றி வைத்து அளந்தால் மீட்டர் எல்லாம் சரி என்றே காட்டும். கரண்ட் ஓடாத வயரில் இழப்பு தெரியாது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? அதுவும் எர்த்தின் வேலைதான்.

பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் பூத்த பச்சையை எமரி பேப்பரால் தேயுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். ஒவ்வொரு ஹோல்டரிலிருந்தும் தனி எர்த் வயரை, பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் ரிங் டெர்மினல் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அதன் பிறகும் பிரேக் லைட்டின் பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால், பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வழியாக ரிலே (சின்ன கரண்டால் இயங்கி விளக்குக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடலாம். அதன் முனைகளில் எண் இருக்கும்: 30-ல் பேட்டரி, 87-ல் விளக்கு, 86-ல் பழைய பிரேக் சுவிட்ச் வயர், 85-ல் எர்த். வெளுத்த லென்ஸ், உரிந்த ரிஃப்ளெக்டர் இரண்டையும் மாற்றுங்கள். சாரலுக்குப் பயந்து அடியில் உள்ள வடிகால் ஓட்டையை சிலிக்கானால் அடைத்தால், உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்கும்.

வாட் கூட்டுவது வேண்டாம். தனி டெயில் பல்பு உள்ள விளக்குகளில் 5 வாட், 10 வாட், 21 வாட் மூன்றுக்கும் ஒரே பிடி என்பதால் எது போட்டாலும் உட்கார்ந்துவிடும். இரவு முழுக்க எரியும் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் இளகும். அதைவிட மோசம், டெயிலுக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும்.

எல்இடி பல்பு கரண்ட் குறைவாக எடுக்கும், சட்டென்று எரியும். ஆனால் பழைய ரிஃப்ளெக்டர் இழை இருக்கும் புள்ளிக்காக வளைக்கப்பட்டது. எல்இடியின் ஒளி அந்தப் புள்ளியிலிருந்து வராது, அதனால் நேரே பளிச்சென்றும் பக்கவாட்டில் மங்கியும் தெரியலாம். வளைவில் பார்ப்பவருக்குப் பக்கவாட்டுதான் முக்கியம். சிவப்பு லென்ஸுக்குள் சிவப்பு எல்இடியே போடுங்கள்; வெள்ளையில் சிவப்பின் பங்கு குறைவு, மீதியை லென்ஸ் விழுங்கிவிடும். வெயிலில் 30 மீட்டர் தள்ளி நின்று, டெயில் எரியும்போதே பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்; வித்தியாசம் உடனே தெரியாவிட்டால் கழற்றிவிடுங்கள். இண்டிகேட்டரில் போட்டால், கரண்டின் சூட்டில் இயங்கி விளக்கைக் கண்ணடிக்க வைக்கும் பழைய ஃபிளாஷர் கண்ணடிக்காமல் நிற்கும். அதற்காகக் கூடுதல் கரண்ட் இழுக்கச் சேர்க்கும் லோடு ரெசிஸ்டர் கையைச் சுடும் அளவுக்குக் காயும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றுவதே மேல்.

எர்த் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால், எல்இடி பல்பைவிட முழு எல்இடி விளக்கு நல்லது: எல்இடியும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்டவை. ஒப்புதல் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். பல பழைய விளக்குகளில் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தரும் வெள்ளை ஜன்னல் உண்டு. புதியதில் அது இல்லாவிட்டால் எஃப்.சி.யில் நிறுத்துவார்கள், தனி விளக்கு போட வேண்டும். சிவப்புப் பிரதிபலிப்பானும் சேர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னால் இருபுறமும் ஒவ்வொன்று தனியாகத் திருகுங்கள், பேட்டரி இறங்கி வண்டி வளைவில் நின்றால் வேலை செய்வது அது மட்டுமே.