லிசெஸ் போட்டிகள்: சேருவதற்கு முன் வகையைப் பாருங்கள்

இணையத்தில் சதுரங்கம் ஆடுகிற லிசெஸ் தளத்துக்கு எந்த நேரத்தில் போனாலும் ஏதாவது ஒரு போட்டி ஓடிக்கொண்டிருக்கும். சேரும் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் எதிராளி வந்துவிடுவார். கட்டணம் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. நன்கொடையில் நடக்கிற தளம் என்பதே எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. ஆனால் இவ்வளவு எளிதாக உள்ளே போக முடிவதால், என்ன வகைப் போட்டி என்று பார்க்காமலே பலர் சேர்ந்துவிடுகிறார்கள். நான் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தை, அதுவும் ராஜாக்களோடு யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சுகிற கட்டத்தை, ஆசையோடு நீட்டி ஆடுகிறவள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த வகை வித்தியாசம் ரொம்பவே முக்கியம்.

அங்கே அதிகம் நடப்பது அரீனா. இதற்குச் சுற்றுகள் இல்லை, கடிகாரம்தான் எல்லாம். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ஓர் ஆட்டம் முடிந்ததும் சும்மா இருக்கிற இன்னொருவரோடு உடனே ஜோடி சேர்த்துவிடும். நடுவில் வரலாம், நடுவில் கிளம்பலாம். வென்றால் 2 புள்ளி, டிராவுக்கு 1. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வென்றுவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் தீச்சுடர் வரும். அதற்குப் பிறகு வெற்றி கைநழுவும்வரை புள்ளி இரட்டிப்பு.

இதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடர்ச்சியாக ஐந்து வெற்றி: 2, 2, 4, 4, 4, ஆக 16. அதே ஐந்து வெற்றிகளுக்கு நடுவே ஒவ்வொரு தோல்வி வந்தால் வெறும் 10. பெர்சர்க் என்று ஒரு வசதியும் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது அதை அழுத்தினால் உங்கள் நேரம் பாதியாகும், வென்றால் ஒரு புள்ளி கூடுதல். 3+2 ஆட்டத்தில், அதாவது 3 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 2 விநாடியும் கிடைக்கிற ஆட்டத்தில், அழுத்தினால் ஒன்றரை நிமிடம்தான் கையில். நகர்த்தலுக்கு நகர்த்தல் சேருகிற அந்த 2 விநாடியும் போய்விடும். கை வேகமானவர்களுக்கு இது விருந்து. நான் ஒரு சிப்பாயை ஏழாவது வரிசைக்கு நகர்த்தப் பாடுபடுகிற நேரத்தில் மற்றவர் மூன்று ஆட்டத்தை முடித்திருப்பார். அதைவிட முக்கியம், நேரம் தீரும்போது நடந்துகொண்டிருக்கிற ஆட்டத்தின் முடிவு போட்டிக் கணக்கில் சேராது. கடைசி ஐந்து நிமிடத்தில் நீண்ட ஆட்டம் தொடங்கினால் அதன் புள்ளியை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால்தான் என் ஓட்டு ஸ்விஸ் என்கிற இன்னொரு வகைக்கு. 1895இல் சூரிக் நகரில் முதன்முதலாக நடத்தப்பட்ட முறை இது. சுற்றுகளின் எண்ணிக்கை முன்பே தெரியும். யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் அளவுக்குப் புள்ளி வைத்திருக்கிற ஒருவர் எதிரே உட்காருவார், ஒருமுறை மோதியவர் மறுபடி வரமாட்டார். 128 பேர் எல்லோரோடும் எல்லோரும் மோத வேண்டுமானால் 127 சுற்று ஆகும். ஸ்விஸ்ஸில் டிராவே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஏழே சுற்றில் தோல்வியே காணாத ஒருவர் தனியாக நிற்பார். எனக்கு இந்த முறையின் மேல் தீராத வியப்பு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, அவ்வளவுதான். வேகமாக முடித்தவருக்குத் தனிப் பரிசு எதுவும் கிடையாது. உங்களுக்குக் கொடுத்த நேரம் முழுக்க உங்களுடையது. லிசெஸ்ஸில் 30 நகர்த்தலுக்கு முன் டிராவுக்கு ஒப்புக்கொள்ளவும் முடியாது, நல்ல விதி.

பொறுமை மட்டும் வேண்டும். ஓர் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் அந்தச் சுற்று முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். பாதியில் எழுந்து போனால் அது எதிராளியின் மாலையையும் கெடுக்கும், ஆகவே முழுப் போட்டிக்கும் நேரம் இருந்தால் மட்டும் சேருங்கள். லிசெஸ்ஸில் ஸ்விஸ் போட்டிகளைக் குழுக்கள்தான் நடத்துகின்றன, அதனால் முதலில் ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினராக வேண்டும். சில குழுக்களில் உடனே சேரலாம், சிலவற்றில் நடத்துகிறவர் அனுமதிக்க வேண்டும்.

அப்புறம் நேரக் கணக்கு. 2+1 என்று பார்த்ததும் பிளிட்ஸ், அதாவது சில நிமிட வேக ஆட்டம், என்று நினைக்கத் தோன்றும். லிசெஸ் ஓர் ஆட்டத்துக்கு 40 நகர்த்தல் என்று வைத்து, தொடக்க நேரத்தோடு அத்தனை நகர்த்தலுக்கான கூடுதல் விநாடிகளையும் கூட்டுகிறது. 120+40, மொத்தம் 160 விநாடி. 180க்குக் கீழே இருப்பதால் அது பிளிட்ஸைவிட வேகமான புல்லட். உங்கள் புல்லட் ரேட்டிங்தான், அதாவது அந்த வேகத்தில் உங்கள் திறனைக் காட்டுகிற எண்தான், ஏறும், இறங்கும். ரேட்டிங் மாறாத போட்டியா என்பதும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

புதிதாக ஆட வருகிறவர்கள் 1500க்குக் கீழே என்று ரேட்டிங் வரம்பு போட்ட அரீனாவில் தொடங்கலாம். சரி, எந்த நேரக் கட்டுப்பாடு என்று கேட்டால், புல்லட்டை விட்டுவிட்டு கொஞ்சம் நிதானமான 10 நிமிட ரேபிட் ஆட்டத்துக்குப் போகச் சொல்வேன்.