மெத்தை அனுப்பக் கூரியரா, லாரியா, பஸ்ஸா?

போடியில் இலவம்பஞ்சு மெத்தை தைத்து விற்கிறோம். ஒற்றைக் கட்டில் மெத்தை எங்கள் தராசில் 12 கிலோ. போன வருடம் சென்னைக்கு அனுப்பிய ஒரு மெத்தைக்குக் கூரியர் பில் 52 கிலோவுக்கு வந்தது. போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவர்கள் அளவைக் காட்டிய பிறகுதான் எங்கே தவறு என்று புரிந்தது.

கூரியரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண், தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. சில இடங்களில் 4000-ஆல் வகுப்பார்கள். ரேட் கேட்கும்போதே இதையும் கேட்டுவிட வேண்டும். உருட்டிக் கட்டிய மெத்தைக்கு நான் எழுதிக் கொடுத்தது 95 நீளம், 45 விட்டம். அதாவது 95 × 45 × 45, கணக்கில் 38.5 கிலோ. ஆனால் 45 இருந்தது கயிறு போட்ட இடத்தில் மட்டும்தான். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் பஞ்சு உப்பி 52 ஆகியிருந்தது. மெஷின் அளந்தது அந்த உப்பலை. 95 × 52 × 52 என்றால் 51.4 கிலோ, அடுத்த முழு கிலோவுக்கு ஏற்றி 52.

இப்போது கயிறு கட்டுவதே இல்லை. உருட்டியதை இறுக்கமான பிளாஸ்டிக் சாக்கில் திணித்து வாயைத் தைத்துவிடுகிறோம். விட்டம் 40-க்கு இறங்கியது, கணக்கு 30.4 கிலோ. சாக்கு மாற்றியதில் மட்டும் 21 கிலோவுக்கான காசு மிச்சம். காற்றை உறிஞ்சும் வாக்குவம் பை இன்னும் சுருக்கும். ஃபோம் மெத்தைக்கு அது சரி. இலவம்பஞ்சை அப்படி நாள்கணக்கில் அழுத்தி வைத்தால் கட்டிதட்டும், வெயிலில் போட்டாலும் பழைய உப்பல் முழுசாக வராது. வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கும்போது மெத்தை சோர்ந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது பார்சல் லாரி. உள்ளூர் லாரி ஆபீஸில் டேப் எடுப்பது குறைவு. பண்டலைப் பார்த்து உருப்படிக்கு இவ்வளவு என்பார்கள். ஒரே கடைக்குப் பத்து மெத்தை போகிறதென்றால் எங்களுக்கு வேறு யோசனையே கிடையாது, லாரிதான். ஆனால் வெளிமாநிலச் சரக்கில் கன அடிக் கணக்கு வந்துவிடுகிறது: ஒரு கன அடியை இத்தனை கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். 5000-ஆல் வகுப்பது கன அடிக்கு 5.66 கிலோ வைப்பதற்குச் சமம். லாரியில் 6 கிலோ என்றால் ஏறக்குறைய கூரியர் கணக்கேதான். 10 கிலோ என்றால் அதே 95 × 40 × 40 சாக்கு 53.7 கிலோ ஆகிவிடும். அப்போது கிலோ ரேட் கூரியரில் பாதியாக இருந்தாலும் பெரிதாக மிச்சமில்லை. குறைந்தபட்ச எடை, தூரத்து ஊருக்கான கூடுதல் கட்டணம் இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள். எல்.ஆர். என்னும் லாரி ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு) என்று இருந்தால் மழையில் நனைந்ததற்கு எளிதில் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் சாக்குக்குள் ஒரு பாலித்தீன் உறை கட்டாயம் போடுகிறோம்.

லாரியில் இன்னொரு சிரமம், குடோன் டெலிவரி: சரக்கை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள், லாரி ஆபீஸ் குடோனில் போய் எடுக்க வேண்டும். கடைக்காரர் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார். வயதான அம்மா ஒருவர் ஆன்லைனில் வாங்கியிருந்தால், ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போய் மெத்தை தூக்கி வருவாரா? வீட்டுக்குப் போகும் ஒற்றை மெத்தைக்குக் காசு கூடினாலும் கூரியர்தான் போடுகிறேன்.

பஸ் பார்சல் அவசரத்துக்கு நல்லது. இரவு ஏற்றினால் காலையில் சென்னை. அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022 ஆகஸ்டில் சரக்குப் பெட்டியை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் பஸ் வந்து நிற்கும் நேரத்தில் வாங்க ஆள் வேண்டும். பண்டிகை நாளில் பயணிகளின் மூட்டைமுடிச்சே வழிகிறது, மெத்தைக்கு ஏது இடம்.

ரயிலில் மொத்தமாக அனுப்பலாம், பார்சல் ஆபீஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி வாடகையையும் கூட்டிக்கொள்ளுங்கள். வந்த சரக்கை நேரத்துக்கு எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். தபாலில் ஸ்பீட் போஸ்ட் 35 கிலோ வரை எடுக்கிறார்கள். நாங்கள் தலையணைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

டபுள் காட் மெத்தைதான் கடைசிவரை தொல்லை கொடுத்தது. உருட்டினால் ஆறடி நீளம், ஒற்றை உருப்படி நீளத்துக்கென்று தனியாக ஒரு கட்டணம். இப்போது மூன்றடி அகலத்தில் இரண்டாகத் தைத்து, மேலே ஒரே உறையாக ஜிப் வைத்துக் கொடுக்கிறோம். இரண்டு சாக்கு, இரண்டும் 95 நீளம், அந்தக் கட்டணம் இல்லை. நடுவில் பிளவு தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் தெரியும். அதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.