இரண்டு வருடம் உழைத்த நீச்சல் கண்ணாடி

போன வாரம் மகளுடைய நீச்சல் கண்ணாடியின் பட்டை அறுந்துவிட்டது. வாரம் மூன்று நாள், குளோரின் தண்ணீர், இரண்டு வருடம். அறுந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதே வாரம் ஒரு தோழி கேட்டாள்: "என் பையன் தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே மாட்டேன் என்கிறான், கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?" போனில் அவளுக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

இதை வாங்கியபோது மகளுக்கு ஆறு வயது. இடுப்பளவு தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், ஆனால் முகத்தில் ஒரு துளி தெறித்தால் போதும், ஏணியைப் பார்த்து ஓடிவிடுவாள். ஒரு மாதம் இப்படியே போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்த முதல் நாள், மூன்று நொடிகூட உள்ளே இருந்திருக்க மாட்டாள், சட்டென்று தலையைத் தூக்கி "அம்மா, உன் கால் நகம் தெரியுது!" என்று கத்தினாள். முகமெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவே இல்லை. அவள் பயத்தில் பாதி, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால் வந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நம் கண்ணுக்குள் ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் கார்னியா என்ற தெளிவான படலத்துடையது. காற்றிலிருந்து ஒளி வந்தால்தான் அதனால் சரியாக வளைக்க முடியும்; தண்ணீர் நேராகக் கண்ணைத் தொட்டுவிட்டால் எல்லாமே கலங்கல்தான். கண்ணாடிக்குள் இருக்கும் அந்தத் துளிக் காற்றுதான் பார்வையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் பொருள்கள் இருப்பதைவிடப் பக்கத்திலும் பெரிதாகவும் தெரியும். தரையில் போட்ட வளையத்தை எடுக்க முதலில் முங்கியபோதெல்லாம், அது எட்டுவதற்கு முன்பே கையை மூடிவிட்டு வெறும் கையோடு மேலே வந்தாள். அதையே ஒரு விளையாட்டாக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தரை வரைக்கும் போகப் பழகிவிட்டாள்.

சரி, இப்போது குறை. ஆவி! இரண்டாவது மாதத்திலிருந்து இந்த ஆவியோடுதான் குடித்தனம். கண்ணைச் சுற்றியிருக்கும் சூடான ஈரக் காற்று, வெளியே தண்ணீர் பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, பொடிப்பொடித் துளியாகப் படிந்துவிடும். அதைத் தடுக்க உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கிறது, விரலால் தேய்த்தால் அது போய்விடும். குழந்தைகளோ முதலில் செய்வதே விரலால் தேய்ப்பதுதான், அது தெரிந்தும் குழந்தைகளுக்கென்று விற்கும் கண்ணாடிக்கு இவ்வளவு மெல்லிய பூச்சைக் கொடுத்தால் எப்படி? நியாயமாகச் சொன்னால், முதல் மாதம் ஈரத் துண்டால் துடைத்தது நான்தான். அப்புறம் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டுத் தடவி, லேசாக அலசிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரம் தாங்கும். வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் பூச்சு இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறது.

வாங்கும்போது பட்டையைப் போடாமல் கண்ணில் மட்டும் அழுத்திப் பாருங்கள், ஓரிரு நொடி ஒட்டி நின்றால் அளவு சரி. கழற்றும்போது முன்னால் இழுத்து விடவே கூடாது, அது திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். பின்தலையிலிருந்து பட்டையை மேலே தூக்கிக் கழற்றச் சொல்லிக்கொடுங்கள். மூக்கை மூடாத கண்ணாடி என்பதால் ஆழத்துக்கு முங்கவும் ஆகாது, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தோடு சமன்செய்ய வழி கிடையாது, கண்ணைப் பிடித்து இழுக்கும்.

பட்டை அறுந்த அன்றைக்கு நடந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. 25 மீட்டர் குளத்தை நிற்காமல் கடக்கிறவள், கண்ணாடி இல்லை என்றதும் கரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு, "முகத்தை வைக்க முடியாது" என்றாள். ஆறு வயதில் கேட்ட அதே குரல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தவறித் தண்ணீரில் விழும் குழந்தை கண்ணாடியோடா விழப்போகிறது? அடுத்த இரண்டு வகுப்பும் பயிற்சியாளர் அவளைக் கண்ணாடி இல்லாமலே பழக்கினார்: கண்ணை மூடிக் குமிழி விடுவது, மல்லாந்து மிதப்பது, சுவரைப் பிடித்தபடி முங்கி எழுவது. இரண்டாவது வகுப்பு முடியும்போது கண்ணைத் திறந்துகொண்டு பத்தடி வந்தாள், கலங்கலாகத் தெரிகிற என்னை நோக்கி.

இந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் என் மகள் நீந்தியிருப்பாளா என்றே எனக்குச் சந்தேகம். ஆனாலும் தோழிக்கு நான் சொல்வது, இப்போது வாங்காதே. பையனை முதலில் வெறும் முகத்தோடு குமிழி விடவை, மல்லாந்து மிதக்கவை, நீ கையெட்டும் தூரத்திலேயே நில். ஒரு மாதம் பொறுத்துவிட்டு வாங்கிக் கொடு. பட்டை அறுந்த எரிச்சலில் சொல்கிறேனோ என்னவோ, அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

அதே கண்ணாடியையே புதிதாக வாங்கியிருக்கிறேன். இனி வகுப்பில் முதல் பத்து நிமிடம் அது என் பையில் இருக்கும் என்று மகளோடு ஒப்பந்தம். ஐந்து நிமிடம் என்று பேரம் பேசிப் பார்த்தாள், நான் விடவில்லை.